மூடாத அடைப்புக்குறி

கிட்ட வந்து உட்காருங்க, கம்ப்யூட்டர்காரர் கதை சொல்றேன்.

அவர் வேலை என்னன்னா, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டுவது. அது ஓடும்போதே புதுப்புது வித்தை கத்துக்கொடுக்க, ஸ்கீம்னு ஒரு குட்டி மொழியை அதன் வயிற்றில் வைத்திருந்தார். அந்த மொழி பூரா அடைப்புக்குறிதான். திறந்ததை மூடியே ஆகணும்னு வீட்டிலும் ஓயாமல் சொல்வார்.

அவர் கத்துக்கொடுத்த முதல் வித்தை என்ன தெரியுமா? சனிக்கிழமை மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவ மனைவி கூப்பிட்டால் ஒரு பட்டனைத் தட்டுவார். 'பெரிய கோளாறு. இவர் எழுந்தால் எல்லாம் போச்சு' என்று சிவப்பெழுத்து ஓடும். மற்ற கோளாறெல்லாம் இங்கிலீஷில் வரும். இது மட்டும் அவள் படிக்கத் தோதாகத் தமிழில் வரும். அவள் தையல்காரி. ரெண்டு வாரம் தானே மேலே போய்க் கழுவினாள்.

மூணாவது சனிக்கிழமை, மனுஷன் சும்மா இருக்காமல் அந்த வித்தைக்கு ஒரு சங்குச் சத்தமும் சேர்த்தார். அவ்வளவுதான், பொய்க் கம்ப்யூட்டர் வாயடைத்துப் போச்சு. நிறுத்தி ஓட்டினாலும் ஊமை. பதினோரு மணிக்கு மேனேஜர் பார்க்க வருகிறார். ஓடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மணியோ பத்து.

கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு நிஜக் கோளாறும்மா" என்றார், அழாக்குறையாக.

அவள் தையலைப் பார்ப்பதுபோலத் திரையில் விரல் வைத்து அடைப்புக்குறிகளை எண்ணினாள். "திறந்தது ஒன்பது. மூடினது எட்டு. மூடுவாங்கன்னு அது பாவம் காத்துக்கிட்டிருக்கு."

"நானும் எண்ணிட்டேன். எந்த இடத்துல மூடறதுன்னுதான் தெரியலை."

"எனக்குத் தெரியுது."

"சொல்லேன்."

"மேல தொட்டியும் காத்துக்கிட்டுதான் இருக்குங்க."

ஓடினார். முழங்கால்வரை நனைந்து, பாசி வழித்து, பத்து ஐம்பதுக்கு இறங்கி வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கீபோர்டிலிருந்து கையெடுத்து, திரையில் ஓரிடத்தில் விரல் வைத்தாள். மூடினார். கம்ப்யூட்டர் வாய் திறந்தது. மேனேஜரும் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

அடுத்த சனிக்கிழமை அவள் கூப்பிட்டாள். நிம்மதியாகப் பட்டனைத் தட்டினார். சங்கு ஊதியது. சிவப்பெழுத்து ஓடியது:

'கோளாறு எதுவும் இல்லை. இவர் எழுந்து போய்த் தொட்டி கழுவலாம்.'