பக்கோமியோ தெரு புத்துயிர் பெற்ற வரலாறு

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் நெருப்புக்கு அடுத்த இடம் கமிட்டிக்கே. மக்தலேனா ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரின் ‘பக்கோமியோ தெருப் புத்துயிர்ப்புக் கமிட்டி’க்குச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

தெருவின் நிலை அப்போது கவலைக்கிடம். காலை ஆறு மணிக்கே ஒடீலியா அக்காவின் அடுப்பில், சோளமாவு அடைக்குள் முட்டையை ஊற்றிய முட்டை அரேப்பா பொரியும். பஸ் ஓட்டுநர்களும் நர்சுகளும் முண்டியடிப்பார்கள். தின்ற கையோடு, எதிர்க்கடை எலியோதோரோவிடம் செருப்பைத் தைக்கக் கொடுப்பார்கள். பாதசாரிகளை எண்ணப் போன எங்கள் ஊழியரைக் கூட்டம் இரண்டு முறை ஆற்றங்கரை வரை தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆகவே ‘பாதசாரிகள் எண்ணிக்கை: கிடைக்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதினோம். தலைநகரில் அதைப் பாதசாரிகளே கிடைக்கவில்லை என்று படித்துக்கொண்டார்கள். உடனே நிதி வந்தது. கூடவே கட்டடக்கலைஞர் லிசாண்ட்ரோவும் வந்தார்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர் வரைபடத்தை விரித்தார். ஒடீலியா அக்கா கூடை நிறைய அரேப்பாவோடு வந்து குனிந்து பார்த்தார்.

“தம்பி, இதுல என் அடுப்பு எங்க?”

“அந்த இடத்துல ‘சந்திப்புத் தளம்’ வருதுக்கா.”

“அங்க யாரு யாரைச் சந்திப்பா?”

“ஜனங்க ஜனங்களை.”

“இப்பவும் அதைத்தானே செய்றாங்க?”

“இப்போ தற்செயலா சந்திக்கிறாங்கக்கா. இனிமே திட்டப்படி சந்திப்பாங்க.”

அக்கா படத்தில் விரலை வைத்தார். “நாய் வச்சிருக்கிற இந்தப் பொம்பள யாரு? நம்ம தெருவுல பார்த்ததே இல்லையே.”

“வருவாங்க” என்றார் லிசாண்ட்ரோ நம்பிக்கையோடு.

பிறகு ஆளுக்கு ஏழு சிவப்புப் பொட்டுகள் கொடுத்து, விருப்பத்தை வரைபடத்தில் ஒட்டச் சொன்னோம். எலியோதோரோ ஏழையும் தன் கடைமேலேயே ஒட்டினார்.

“இது என் கடை. தொடாதீங்கன்னு அர்த்தம்” என்றார்.

“சிவப்புன்னா பூந்தொட்டிண்ணே” என்றார் லிசாண்ட்ரோ. “ஏழு குறிச்சாச்சு.”

கூடை காலியானது. ‘மக்கள் பங்கேற்பு மிகவும் சுவையாக அமைந்தது’ என்று நான் பதிவு செய்தேன்.

திட்டம் என்று வந்தால் திட்டும் வரத்தான் செய்யும். பதினோரு மாதம் தெருவெங்கும் பள்ளம் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தது. அக்கா குறுக்கே ஒரு பலகை போட்டுப் பார்த்தார். அரேப்பா வாங்க அதில் நடந்து வந்த நர்ஸ் ஒருவர் பள்ளத்தில் விழுந்து, தன் ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்தார். மறுநாள் அக்கா அடுப்பைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். இருபத்திரண்டு வருட எண்ணெய் படிந்த சுவரை ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்பினார். அந்தக் கறையை அகற்றத் திட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு.

எலியோதோரோவின் வாசலை ஏழு பூந்தொட்டிகள் அழகாக அடைத்தன. வாடிக்கையாளர்கள் செருப்பைத் தொட்டிகளுக்கு மேலாக எறிந்தார்கள். அவர் தைத்துத் திருப்பி எறிந்தார். வியாபாரம் அப்படிப் பறந்ததை அந்தத் தெருவே கண்டதில்லை. ஒரு பூட்ஸ் ஒரு டீச்சரின் நெற்றியில் பட்டதும் எலியோதோரோவும் கடையைக் காலி செய்தார்.

திறப்பு விழா பிரமாதம். நடைபாதை அகலமாகியிருந்தது, நடைதான் இல்லை. நான் ரிப்பனைப் பிடித்தேன், லிசாண்ட்ரோ வெட்டினார், கமிட்டி கைதட்டியது. கேட்க ஆளில்லாததால் கைதட்டல் தெளிவாகக் கேட்டது.

பசித்தது. தின்ன எதுவும் இல்லை. வாசனை பிடித்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனோம். அங்கே நிற்க இடமில்லை. ஒடீலியா அக்கா பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே எலியோதோரோ ஒரு செருப்பின் குதிகாலுக்கு ஆணியடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அக்காவின் கரண்டி நின்றது.

“அளக்க வந்தீங்களா?”

“இல்லக்கா, சாப்பிடத்தான்” என்றேன்.

நம்பினார். ஆளுக்கு இரண்டு கொடுத்தார். லிசாண்ட்ரோ வாய் நிறைய மென்றபடி தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“பாவம் சார் இந்தத் தெரு. இதுக்குன்னு ஒரு கமிட்டிகூட இல்ல.”

விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, புதுக் கமிட்டிக்கான பரிந்துரையில் நான்தான் முதல் கையெழுத்துப் போட்டேன்.