சுரபாயா பாரில் ஒரு கோயில் மணி

ஜெர்மனியின் கொலோன் நகரத் தமிழர்கள் பாருக்குப் போவதில்லை. போனாலும் சொல்வதில்லை. ஆனால் இந்த வருடம் ஏதாவதொரு வியாழக்கிழமை மாலை நீங்கள் நகரத்தின் கால்க் பகுதிப் பக்கம் வந்திருந்தால், பட்டுச் சேலையும் திருநீறும் குழந்தை வண்டிலுமாக ஒரு பெருங்கூட்டம் பார் வாசலில் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் நிற்பது இந்த நாட்டுக்கு வந்து கற்றுக்கொண்ட பழக்கம். எதற்கு நிற்கிறோம் என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

பாரின் பெயர் சுரபாயா. நடத்துபவர் வுலான் என்ற இந்தோனேசியப் பெண். வாசலில் பிளாஸ்டிக் தென்னை. உள்ளே ஓலைக் கூரை. அந்தக் கூரைக்கு மேலே கொங்கிரீட் கூரை, அதற்கும் மேலே வாடகைக்கு ஒரு ஜெர்மன் குடும்பம். சுவர் முழுக்க எரிமலைப் படம். வெள்ளியும் சனியும் கரோக்கே. வியாழனில் மட்டும் ஜாவா சித்தர்.

சித்தரின் சொந்தப் பெயர் விமலநாதன். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற இந்தோனேசியா போனவர். கப்பல் வரவில்லை. வருடக்கணக்காக அங்கேயே மாட்டுப்பட்டுக் கிடந்தார். அந்தக் காலம் முழுக்க எரிமலை உச்சியில் தவம் இருந்ததாகச் சொன்னார். எந்த எரிமலை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாடிக்கு எந்த எரிமலையும் பொருந்தும்.

அவருடைய முறை எளிது. உயரமான கண்ணாடிக் குவளையில் எரிமலைத் தீர்த்தம். மை போன்ற நீலம். உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அதில் பாதி எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, பிழிவார். நீலம் நீலமாகவே நின்றால் நீங்கள் சுத்தம். ஊதாவாக மாறினால் செய்வினை, கண்ணூறு, பிதிர் தோஷம் ஆகியவற்றில் ஒன்று. எது என்பதை ஊதாவின் கடுமையைப் பார்த்துச் சொல்வார். முதல் தடவை எல்லோருக்கும் ஊதா. பரிகாரம் மூன்று வியாழன். மூன்றாவது வியாழனில் குவளை நீலமாக நிற்கும், கூட்டம் கண்ணீர் விடும். ஜெர்மன் வைத்தியரிடம் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுக்கவே மூன்று மாதம் ஆகும். சித்தர் மூன்று வியாழனில் ஆளைச் சுகமாக்கி அனுப்பிவிடுகிறார்.

மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுரபாயா முன்பு ஜெர்மன்காரருடைய மதுக்கடையாக இருந்த இடம். கவுண்டருக்கு மேலே பித்தளை மணி ஒன்று அப்போதிருந்தே தொங்குகிறது. இந்த ஊர் மதுக்கடைகளில் மணியடித்தால், அடித்தவர் கடையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுக்க வேண்டும். நமது ஆட்களுக்கு மணி என்றால் ஒரே அர்த்தம். முதல் வியாழன் உள்ளே வந்த ஒவ்வொருவரும் மணியை அடித்துக் கைகூப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இப்படித் தாராள மனசுள்ள மக்களை வுலான் வாழ்க்கையில் கண்டதில்லை. பியர் ஊற்றத் தொடங்கிவிட்டார். சித்தர் ஓடிவந்து தடுத்து, மணியின் நாக்கில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினார். அடுத்த வியாழனில் இருந்து பக்தர்கள் அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள்.

மதீசன் இந்த வரிசையில் நின்றதில்லை. அவன் பாலங்களுக்குப் பாரம் கணக்கிடும் பொறியியலாளன். இளம் வயது. போன மாரியில் மனைவி தேனுஜா இறந்துபோனாள். காரணத்தை வைத்தியர் ஒரே வசனத்தில் சொன்னார். அந்த வசனம் அவனுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எதுவும் பெரிதாக விளங்கவில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான். அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

நான்கு வயது மகள் கவிசா, அவன் வேலைக்குப் போகும் நேரங்களில் தேனுஜாவின் அம்மா, மாமி சுந்தரேஸ்வரியின் வீட்டில் இருப்பாள். பின்னேரம் கூட்டிக்கொண்டு வருவான். மாமி சித்தரிடம் போய் மருமகனின் பெயருக்குத் தேசிக்காய் பிழிவித்த நாளிலிருந்து அதுவும் நின்றது.

"கவிசாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான், மாமி."

"கோவிக்காதேங்கோ தம்பி. உங்கட கிளாஸ் இன்னும் ஊதாவாத்தான் வருது."

"கிளாசுக்கும் பிள்ளைக்கும் என்ன?"

"உங்கட கண்தான் தேனுவைக் கொண்டு போனதெண்டு சித்தர் சொல்லுறார். பிள்ளை உங்களோடை படுக்கக் கூடாதாம். நீங்களும் பரிகாரத்துக்கு வாறியள் இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டனீங்களே? கல்லு மாதிரி நிக்கிறியள். உங்களுக்குள்ளை என்னவோ இருக்கு தம்பி."

உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதான் மதீசனின் கணிப்பு. ஆனால் கதவிடுக்கால் கவிசா ஒரு கையில் சப்பாத்தோடு எட்டிப் பார்த்தாள். மாமி கதவைச் சாத்தினார். அந்தச் சப்பாத்தின் நினைவு அவன் கூடவே வீட்டுக்கு வந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் மதீசன் சுரபாயாவுக்குப் போனான். சித்தரைத் தனியே பிடித்துப் பேசுவது அவன் திட்டம். காலில் விழச் சொன்னால் விழுவதற்கும் ஆயத்தமாகத்தான் போனான். விழுவதும் நிற்பதும் அவனுக்கு அப்போது ஒன்றுதான்.

சித்தர் இல்லை. கரோக்கே இருந்தது. பூப்போட்ட பத்திக் சட்டை அணிந்த ஒரு தடித்த ஜெர்மன்காரர் ஜாவா மொழியில் காதல் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் தெரியாமல் பாடியதால் உருக்கம் கூடுதலாக இருந்தது. கவுண்டரில் இன்னொருவர் சம்பலைக் கரண்டியால் அள்ளி விழுங்கி, "காரமே இல்லை" என்றார். சொல்லும்போதே முகம் பீட்ரூட் ஆகியது. பக்கத்து மேசையில் அலுவலகப் பெண்கள். அவர்களுக்கு ஒரு தட்டம் வந்தது.

தட்டம் நிறைய எரிமலைத் தீர்த்தம்.

ஒருத்தி தேசிக்காய்த் துண்டைப் பிழிந்தாள். ஊதா. "ஆ" என்றாள், படம் எடுத்தாள். மற்றவள் பிழிந்தாள். ஊதா. அந்த மேசையில் எல்லோருக்கும் செய்வினை. மூலையில் பிறந்தநாள் கொண்டாடிய கிழவருக்குப் பிதிர் தோஷம். காதல் பாட்டுக்காரர் பாடி முடித்து வந்து தனக்கும் ஒன்று எடுத்துப் பிழிந்தார். கடும் கண்ணூறு. அந்தக் குரலுக்கு அது எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

மதீசனின் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சம்பல்காரர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அது சிரிப்பு என்று மதீசனுக்கே சற்றுப் பிந்தித்தான் விளங்கியது.

"இது என்ன பானம்?" என்று வுலானைக் கேட்டான்.

"ஒரு நீலப் பூவின் சாறு," என்றார் அவர் ஜெர்மனில். "புளி பட்டால் நிறம் மாறும். எங்கள் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். உங்கள் கழகத்துக்கு இது மிகவும் பிடிக்குமே."

"என்ன கழகம்?"

"வியாழக்கிழமைத் தேநீர்க் கழகம். விமல் அப்படித்தானே சொன்னார்? அவர் பாலித் தீவில் பார்களில் பானம் கலந்தவர். கை நல்ல சுத்தம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சில பேருக்கு மட்டும் ஐஸ்கிரீமுக்குப் போடும் நீலச் சாயத்தைக் கரைத்துக் கொடுக்கிறாரே, ஏன்? ருசியும் இல்லை, நிறமும் மாறாது."

மூன்று வியாழன் பரிகாரம் செய்து சுத்தமானவர்கள் மதீசனின் நினைவுக்கு வந்தார்கள். அவன் அண்ணாந்து மணியைப் பார்த்தான்.

"வியாழக்கிழமை நான் அதை அடித்தால் வருவீர்களா?"

"அடித்தவர் காசு கொடுத்தால் எங்கிருந்தாலும் வருவேன். ரம் விட்டா?"

"வேண்டாம். நிறையப் பேர் விரதம்."

வியாழக்கிழமை சுரபாயாவில் மூச்சு விட இடம் இல்லை. எரிமலைப் படத்தின் கீழே சித்தர். அவருக்கு முன்னால் தரைவரை சிவப்புத் துணி தொங்கும் மேசை. முன்வரிசையில் சுந்தரேஸ்வரி, மடியில் கவிசா. பக்கத்தில் கோயில் நிர்வாகசபைக் கணேசலிங்கம். போன கிழமைதான் அவருடைய குவளை நீலமாக நின்றது. இப்போது அவர்தான் விளம்பரம்.

"நான் உயிரோடை நிக்கிற சாட்சி," என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். உயிரோடு நிற்பதற்கு முன்பு அவருக்கு என்ன இடைஞ்சல் இருந்தது என்பது தெரியவில்லை.

மதீசனைக் கண்டதும் மாமியின் முகம் மலர்ந்தது. "ஆள் வந்திட்டார் சாமி."

சித்தர் அவன் பெயரைச் சொல்லித் தேசிக்காயைப் பிழிந்தார். ஊதா.

"நேரிலை வந்தும் மாறேல்லை," என்றார் சித்தர் துக்கமாக. "பலமான பிடி. பிள்ளையைக் கிட்ட விடாதேங்கோ, அம்மா."

மாமி கவிசாவை இறுக்கிப் பிடித்தார். மதீசன் எழுந்து கவுண்டருக்குப் போனான். மஞ்சள் துணியை அவிழ்த்தான்.

"தம்பி, அதைத் தொடாதையும்," என்றார் கணேசலிங்கம்.

மதீசன் மணியை அடித்தான். கூட்டம் பழக்கதோஷத்தில் கைகூப்பியது.

குசினியிலிருந்து வுலான் தட்டங்களோடு வந்தார். தட்டம் நிறைய நீலக் குவளைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு தேசிக்காய்த் துண்டு. "எல்லோருக்கும் இவருடைய கணக்கில்," என்றார். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் தோஷம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. துண்டைப் பிழியும்படி வுலான் கையால் காட்டினார். சொன்னதைச் செய்து பழகிய கூட்டம். பிழிந்தது.

சுரபாயா முழுக்க ஊதா.

முதலில் கணேசலிங்கத்துக்குத்தான் குரல் வந்தது. "சாமி, போன கிழமை எனக்கு நீலமா நிண்டது. ஒரு கிழமைக்குள்ளை ஆர் எனக்குச் செய்தது?" கேட்டுவிட்டு அவர் பார்த்தது, நிர்வாகசபைத் தேர்தலில் தனக்கு எதிராக நின்றவரை.

"அது கடைத் தண்ணி," என்றார் சித்தர். "என்ர தீர்த்தம் வேறை."

"அப்ப உங்கட தீர்த்தத்திலையே பாப்பம்," என்றான் மதீசன். "கணேசலிங்கம் அண்ணைக்கும் எனக்கும் ஒரே சாடியிலை ஊத்துங்கோ. அவர் சுத்தம், நான் தோஷம் பிடிச்ச ஆள். அவருக்கு நீலம், எனக்கு ஊதா. அப்பிடித்தானே வரவேணும்?"

"ஒரே சாடியிலை ஏலாது."

"ஏன்?"

"எரிமலை கோவிக்கும்."

சுந்தரேஸ்வரி கவிசாவை மடியிலிருந்து இறக்கினார். மேசையை நோக்கிப் போனார். சித்தர் எழுவதற்குள் சிவப்புத் துணியைத் தூக்கினார். கீழே இரண்டு சாடிகள். இரண்டையும் மேசையில் வைத்தார். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு குவளை ஊற்றினார்.

"உங்கட பேரைச் சொல்லிப் பிழியிறன், சாமி. விமலநாதன்."

ஊதா.

மற்றக் குவளை. "இதுவும் விமலநாதன்."

பிழியப் பிழிய நீலம் நீலமாகவே நின்றது. தேசிக்காயில் கொட்டை மட்டும் மிஞ்சியது.

மாமி இரண்டு குவளைகளையும் தூக்கிக் காட்டினார். "இதிலை நீங்கள் எந்த ஆள்?"

சித்தர் எரிமலைப் படத்தைப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. ஊதாக் குவளையை மாமி முகர்ந்தார். வுலானிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டார். வுலான் குசினியிலிருந்து ஒரு பிடி காய்ந்த நீலப் பூக் கொண்டுவந்து காட்டினார்.

"காக்கணம் பூ," என்றார் மாமி. "நான் நாளும் பொழுதும் பிள்ளையாருக்குப் புடுங்கிப் போட்ட பூ." கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப என்ர பிள்ளை ஏன் செத்தவள்?"

"தலைக்குள்ளை ரத்தக் குழாய் வெடிச்சது, மாமி. டொக்டர் சொன்னவர்."

"ஓம், சொன்னவர்தான். எனக்கு அது காணாதெண்டு இருந்தது."

"எனக்கும்தான்," என்றான் மதீசன். அவன் குரல் சரியாக வரவில்லை. மாமி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு குனிந்து கவிசாவின் சப்பாத்தை எடுத்து மாட்டினார். "அப்பாவோடை போங்கோ. நாளைக்கு அம்மம்மா வாறன்."

சித்தர் கெட்டுப்போய்விடவில்லை. வுலானுக்குக் கை சுத்தமான ஆள் தேவைப்பட்டது. இப்போது வெள்ளி சனிகளில் தாடி இல்லாமல் பத்திக் சட்டையோடு அதே நீலத்தை ஊதாவாக்குகிறார். பூ என்று சொல்லித்தான் கொடுக்கிறார். கைதட்டுகிறார்கள்.

கணேசலிங்கம் இப்போது வேறொரு ஊருக்குப் போகிறார். அங்கே ஒருவர் தேங்காயைத் தானாக உருள வைக்கிறாராம். ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களிடம், சுரபாயாக்காரன் சுத்தக் கள்ளன், இவர் அப்படி இல்லை என்கிறார்.

தேசிக்காய்க்கு மூளை இல்லை. அதைப் பிழிவிக்கப் போகிறவருக்கு இருக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. எல்லாவற்றையும் சோதிக்கும்போது அந்த நம்பிக்கையையும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள்.