வடக்குப் பார்த்த வண்டி

ஆயத்தக்காரர் என்று ஒரு மனித இனம் உண்டு. அவரைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், அநேகமாக உங்கள் தெருவிலேயே இருப்பார். சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பாவம். சோம்பேறிக்காவது ஓய்வு உண்டு. ஆயத்தக்காரர் விடிந்தது முதல் வேர்த்துக் கொட்ட உழைப்பார். நடைப்பயிற்சிக்கு என்று ஷூ வாங்குவார், ஷூவுக்குத் தோதாகச் சாக்ஸ் வாங்குவார், காலடியை எண்ணுகிற கைக்கடிகாரம் வாங்குவார், எந்த ஷூ முழங்காலுக்கு நல்லது என்று நாலு டாக்டர்கள் பேசும் வீடியோவைக் கட்டிலில் படுத்தபடி பார்ப்பார். ஆறு மாதம் கழித்து அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடப்பவர் யார்? அவர் வீட்டு வாட்ச்மேன்.

இந்த இனத்தின் முதல் தர ரகம் ஒன்று திருப்பூரில், அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியில் வாழ்கிறது. பெயர் தமிழ்செல்வன். கம்பெனி முன்னால், வீடு பின்னால், இரண்டுக்கும் ஒரே காம்பவுண்டு. பனியன் முதலாளி எப்படி ஆயத்தக்காரராக இருக்க முடியும், சொன்ன தேதிக்குச் சரக்கு போகவில்லை என்றால் கதை கந்தலாகிவிடுமே என்று நீங்கள் கேட்பது நியாயம். வெளிநாட்டுக்காரன் சொன்ன தேதிக்குச் சரக்கைக் கப்பலேற்றிவிடுகிற மனிதர்தான் அவர். மனைவி கேட்டதற்குத்தான் கப்பல் கிடைக்கவில்லை.

மனைவி கோமளா அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாள்? அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு ராத்திரி தூங்க வேண்டும். அவ்வளவுதான். மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டத்துக்குள் பிறந்து, பனியன் கம்பெனிக்குள் வாழ்க்கைப்பட்டவள். கடலை ஒரே ஒரு தடவை திருச்செந்தூரில், தரிசன வரிசையில் நின்றபடி, முன்னால் நின்றவரின் மொட்டைத் தலைக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறாள். போன தீபாவளிக்கு ஊரே காலியாகி, மிஷின்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அதைச் சொன்னாள்.

"ஏனுங்க மாமா, அடுத்த தீவாளிக்காச்சும் கடலுக்குப் போலாமுங்களா? நெறைய நாளு வேண்டாமுங்க. ஒரே ஒரு ராத்திரி."

"அதுக்கென்னங்கண்ணு, போயிட்டாப் போச்சு," என்றார் தமிழ்செல்வன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர். நிறுத்தவில்லை. லாட்ஜ் என்றால் யார் யாரோ படுத்த மெத்தை, பாத்ரூம் எப்படி இருக்குமோ என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே செல்போனைத் தடவினார். அதில், பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சரக்கு டிரெய்லர் ஒன்றை வீடாக மாற்றி, அதற்குக் கேம்பர் என்று பெயரும் வைத்து, உள்ளே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோமளாவின் தலைவிதி அந்த சூப்பில்தான் விழுந்தது.

கம்பெனி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பழைய டிரெய்லர் கிடந்தது. நாலு பக்கமும் தகரம் அடித்த பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். ஒரு காலத்தில் சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடியது. இப்போது அந்த வேலைக்கு வேன் வந்துவிட்டதால், கோழி அடைகாக்கத்தான் பயன்பட்டது.

"சிம்பிளா ஒரு கேம்பர் பண்ணிப்போடலாங்கண்ணு," என்றார். "ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஃபேன். பொங்கலுக்குள்ள ரெடி."

'சிம்பிளா' என்ற சொல்லை ஆயத்தக்காரர் வாயிலிருந்து கேட்டால் உடனே உஷாராகிவிடுங்கள். மற்றவர்கள் சின்ன வேலைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஆயத்தக்காரர் அதைச் சொல்லித்தான் காடு திருத்தத் தொடங்குவார்.

முதலில் சுவர். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே எதையாவது அடைத்தால்தான் வெளிக்குளிர் உள்ளே வராது என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். சித்திரை மாதத்துத் திருப்பூரில், நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துத் துடைத்து, குளிர் உள்ளே வராதபடி தமிழ்செல்வன் சுவர் எழுப்பினார். அடைக்கப் பொருளுக்கா பஞ்சம்? கட்டிங் மேசையில் விழுகிற பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகப் போயிற்று. சுற்றுவட்டாரத்து எலிகளுக்குச் செய்தி போய்ச்சேர அதிக நாள் பிடிக்கவில்லை. வண்டியில் குடியேறிய முதல் குடும்பம் அவைதான். பிளைவுட்டை எல்லாம் கழற்றி, வேஸ்ட்டை வெளியே அள்ளிப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து.

பிறகு கட்டில். பனியன்காரர் அளவெடுக்கிற விதமே தனி. எந்த அளவிலும் அரை இஞ்ச் முன்பின் இருக்கலாம், வாங்குகிறவன் ஒன்றும் சொல்ல மாட்டான்; அதற்கு 'டாலரன்ஸ்' என்று பெயர். அந்தப் பழக்கத்தில் கழுத்தில் தொங்கிய டெய்லர் டேப்பை எடுத்து, இங்கே அரை அங்கே அரை என்று விட்டு அளந்து பலகை அறுக்கச் சொன்னார். அரை அரையாகச் சேர்ந்து, கட்டில் உள்ளே இறங்க மாட்டேன் என்றது. ஆள் விட்டுத் தள்ளினார். மிதித்தார். கோமளா காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, அது பனியன் இல்லீங்க. இழுத்தா நீளாது, அமுக்குனா சுருங்காது."

"டாலரன்ஸ்ல கொஞ்சம் போயிருச்சு. அடுத்த சாம்பிள்ல சரியாயிரும்," என்றார் அவர்.

ஆமாம், சாம்பிள்தான். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பனியனைத் தைத்து வாங்குகிறவனுக்கு அனுப்பி, அவன் சொல்கிற குறைகளை எல்லாம் சரிசெய்து, மறுபடியும் அனுப்பி, அவன் சரி என்ற பிறகுதான் மொத்தத் துணியில் கத்திரி வைப்பது ஊர் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அது மெத்தை உறைக்கு ஒரு சாம்பிள், ஜன்னல் திரைக்கு மூன்று சாம்பிள், தட்டு வைக்கிற பலகைக்கு இரண்டு சாம்பிள் என்று போனால்? தைப்பவரும் அவரே, குறை சொல்பவரும் அவரே. பலகைகளின் மேல் 'கலர் ஓகே, ஃபினிஷிங் நாட் ஓகே' என்று சீட்டு எழுதி ஒட்டி, தமக்குத் தாமே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரக் கம்பெனி தள்ளிவிட்ட துணியில் தைத்த ஜன்னல் திரை முழுவதும் மான்கள் பனியில் துள்ளின. வெளியே மே மாத வெயில் கொளுத்தியது.

ஆடி வந்தது, போனது. "இன்னும் ஒரே ஒரு வேலைதாங்கண்ணு" என்று தினமும் சொன்னார். கோமளா தலையாட்டினாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல, பார்க்கிறவள். ஒவ்வொரு வேலை முடியும்போதும் அவர் முகம் சற்று வாடுவதையும், அடுத்த வேலை ஒன்று முளைத்ததும் மலர்வதையும் அவள் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஒருவழியாக வண்டி முடிந்தது. முடிந்தேவிட்டது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, செல்போனில் படம் எடுத்து, "அடேங்கப்பா, ஊடு மாதிரியே இருக்குதுங்களே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை தமிழ்செல்வன் காதில் புகுந்து குடைந்தது. வீடு என்றால் வாஸ்து வேண்டாமா?

வாஸ்து நிபுணர் மருதாசலம் சபாரி உடையில், கையில் திசை காட்டும் கருவியோடு வந்து இறங்கினார். நம்மூரில் மாட்டுக் கொட்டகைக்கும் வாஸ்து பார்ப்பவர்கள் உண்டு. ஆனாலும் சக்கரம் வைத்த வீட்டுக்குப் பார்ப்பது அவருக்கே புதிது. தம் வாழ்வில் எதற்கும் 'தெரியாது' என்று சொல்லிப் பழகாதவர் என்பதால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க தம்பி, அடுப்பு ஈசானியத்துல இருக்குதே. ஊடு தாங்குமுங்களா?"

"மாத்திப்போடலாமுங்க."

"கதவு மேற்கே பாக்குது. கெழக்கே வேணும். கட்டில் கன்னி மூலைக்குப் போகட்டும், தலை தெக்கால."

அவ்வளவுதான். மேற்குக் கதவை வெல்டு வைத்து மூடினார்கள், கிழக்கே வெட்டித் திறந்தார்கள். அடுப்பு தென்கிழக்கே போயிற்று, கட்டில் தென்மேற்கே வந்தது. தமிழ்செல்வன் அந்த நாட்களில் பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். புரட்டாசியில் ஐயரை வரவழைத்து, கணபதி ஹோமம் வளர்த்து, அந்தக் குட்டி அடுப்பில் பாலும் காய்ச்சினார்கள். பால் கிழக்கே பொங்கியது. எல்லாருக்கும் திருப்தி. வண்டி மூக்கு வடக்கே பார்த்து நிற்க, மூலைக்கு மூலை சாஸ்திரம் பேசியது.

வண்டி என்பது திரும்பும் என்ற சங்கதி மட்டும் அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனிக்கு லீவு விட்டாயிற்று. தூத்துக்குடிப் பக்கத்துத் தொழிலாளர்கள் சேர்ந்து பேசிய வேன் காம்பவுண்டுக்குள், டிரெய்லருக்குப் பின்னால் நின்றது. செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி, பிள்ளைகளுக்கு எடுத்த புதுத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பில் கோமளா. காலடியில் ஒரே ஒரு பை. கணவர் பக்கத்தில். ஜீப்பின் முகப்பில் பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் புதிதாக ஒட்டிய திசை காட்டி.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கேட் திறந்தது. ஜீப் வெளியே வந்து வலது பக்கம் ஒடித்தது.

தமிழ்செல்வன் பிரேக்கை மிதித்தார்.

"என்னாச்சுங்க?"

"கோமளா, கதவு தெக்கே பாக்குது."

"எந்தக் கதவுங்க?"

"நம்ம கதவுதான். திசையக் காட்டுது பாரு. எமன் பக்கமல்ல தொறக்குது? இன்னொரு திருப்பம் திரும்பித் தெக்கால போனம்னா கட்டில் தலை வடக்கால போயிரும். அடுப்பு வாயு மூலைக்குப் போயிரும்."

"ஓடற வண்டியில யாருங்க படுக்கப்போறா? கடற்கரையில போய் வடக்குப் பாத்து நிறுத்திக்கலாமுங்க."

நியாயமான பேச்சு. ஆயத்தக்காரரிடம் எடுபடுமா? அவர் மருதாசலத்துக்குப் போன் போட்டார். இந்த மண்ணில் பால் காய்ச்சிய வீட்டை இன்னொரு மண்ணில் கொண்டுபோய் வைத்தால் அங்கேயும் ஒரு ஹோமம் போட்டுவிடுவது உத்தமம் என்று மருதாசலம் சொல்லி வைத்தார். இதற்குள் டிரெய்லர் கேட்டுக்குள் பாதி, வெளியே பாதி நிற்க, பின்னாலிருந்த வேன் ஹாரன் அடித்தது. முத்துப்பேச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏக்கா, அண்ணாச்சி வெளிய போறாகளா உள்ள வாராகளா? ஏதாவது ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க. எங்க ஊருக்குப் பொழுதோட போவணும்லா."

தமிழ்செல்வன் அதைக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் என்னவோ வரைந்துகொண்டிருந்தார்.

"கோமளா, ஒரு ஐடியா. அடியில ஒரு பேரிங் குடுத்து, சிம்பிளா ஒரு சுத்தற கட்டில் பண்ணிப்போட்டா, வண்டி எப்படித் திரும்புனாலும் தலை தெக்காலயே நிக்கும். அடுப்புக்கும் அதே மாதிரி ஒண்ணு. பொங்கலுக்குள்ள முடிஞ்சிரும். பொங்கலுக்குப் போயிக்கலாங்கண்ணு."

கோமளா அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திடீரென்று லீவு விட்ட பிள்ளையின் முகம் அது. அப்படி ஒரு நிம்மதி, அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது?

வேன் ஓரம் ஒதுங்க, அதிலிருந்த ஆண்கள் இறங்கி வந்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்து, டிரெய்லரைப் பழையபடி உள்ளே தள்ளினார்கள். மூக்கு மறுபடியும் வடக்கே பார்த்து நின்றது. மூலைகள் எல்லாம் இடம் சேர்ந்தன. தமிழ்செல்வன் டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தபடி கேம்பருக்குள் நுழைந்தார்.

கோமளா பையை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள்.

"முத்துப்பேச்சி, உங்க ஊட்லிருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"தூரமா? எங்க தெரு முடியுத எடத்துலதானக்கா கடலே தொடங்குது. வாரீகளா?" என்ற முத்துப்பேச்சி, பதிலுக்குக் காத்திராமல் பிள்ளைகளின் துணிப் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் போட்டு, நகர்ந்து இடம் விட்டாள். "பாய்தான் கெடக்கும், மெத்தையெல்லாம் இல்ல பாத்துக்கிடுங்க."

கோமளா ஏறிக்கொண்டாள். கேம்பரின் ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தாள். "மாமா, நான் முன்னால போறனுங்க. நீங்க வண்டி ரெடி பண்ணிட்டு வாங்க."

"செரிங்கண்ணு, பாத்துப் போயிட்டு வா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கூடவே சுத்தியல் சத்தமும்.

மறுநாள் காலையில் அவர்தான் போன் செய்தார். பேரிங் நல்லது எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டதாகவும், வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுத்து கேம்பரில் ஃபேன் போட்டுப் படுத்ததாகவும், கடலோரத்தில் படுத்த மாதிரியே காற்று வந்ததாகவும் சொன்னார். சொல்லி முடித்த பிறகு ஞாபகம் வந்து, கொஞ்சம் கவலையாகவே கேட்டார்.

"ஏங்கண்ணு, புது எடம். தலைய எந்தப் பக்கம் வெச்சுப் படுத்தே?"

"கடல் பக்கமுங்க," என்றாள் கோமளா.

தமிழ்செல்வனைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள், அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சிரித்து முடித்ததும், சுற்றுலாவுக்கு என்று வாங்கிப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறீர்களே, அந்தச் சக்கரம் வைத்த பெட்டி, அதை மட்டும் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். உள்ளே பழைய போர்வைகள் இருக்கும், அதை விடுங்கள். சக்கரத்தைத் தடவிப் பாருங்கள். எந்த ஊர் மண்ணாவது ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் இந்தக் கதை பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒட்டவில்லை என்றால் ஒரே ஒரு வேண்டுகோள்: இறக்கியதுதான் இறக்கினோம், சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, பெட்டிக்குச் சிம்பிளாக ஓர் உறை தைத்துவிடலாம் என்று டேப்பை எடுத்துவிடாதீர்கள்.