விரல் வைத்தால் பேர் சொல்லும் சிப்பு

டெல்லி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் விரல் சார் மாதிரி இன்னொருவர் கிடைக்கமாட்டார். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷன்.

நேரு பிளேஸுக்குப் பின்னால் ஒரு மாடியறைதான் கம்பெனி. டாக்டர்களின் கிளினிக்கில் மாட்டுகிற டோக்கன் நம்பர் போர்டு செய்வோம். முதலாளி பஞ்சாபிக்காரர். சிப்பில் புரோகிராம் ஏற்றுவது நான், போர்டைச் சோதிப்பது விரல் சார். மீட்டரைத் தொடவே மாட்டார். ஆள்காட்டி விரலை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து எது சுடுகிறது என்று பார்ப்பார். ஒரு ஜனவரி காலையில் முதலாளியின் டீ ஆறிவிட்டதா என்று அதற்குள்ளும் விரலை விட்டார். மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

விரல் சார் ஆடிப்போனார். "சம்பளம்கூடப் பெரிசில்ல தம்பி. கிட்வாய் நகர்ல மச்சானோட கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ்ல ஒண்டிக்கிட்டு, பகல் பூரா மாமனார் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படி உட்கார்றது?"

அந்த வாரம்தான் புது போர்டு வந்தது. கேபிளை மாட்டினால் கம்ப்யூட்டர் முதலில் சிப்பிடம் பேர் கேட்கும். அது சொன்னால்தான் புரோகிராம் ஏறும். ஒரு சிப்பும் வாயைத் திறக்கவில்லை. கேபிளை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், வோல்டேஜ் பார்த்தேன். ம்ஹூம். வாங்குகிறவர் சாயங்காலம் வருகிறார். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று ஜல்தி ஜல்தி என்று உயிரை வாங்கினார்.

விரல் சார் வந்து வழக்கம்போல் தடவிப் பார்த்தார். சிப்புக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிற கிரிஸ்டல் பக்கம் விரல் போனதும், திரையில் பேர் வந்தது. எடுத்தார், போய்விட்டது. வைத்தார், வந்தது. முதலாளி சாமி சன்னதி மாதிரி ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு லட்டு வாங்க ஓடினார்.

அந்த நேரத்தில் நான் குனிந்து பார்த்தேன். கிரிஸ்டலின் இரண்டு பக்கமும் அரிசி மணி அளவில் இருக்க வேண்டிய கெபாசிட்டர்களைக் காணோம். அவை இல்லாமல் தாளம் தொடங்காது. சாமான் பற்றவைக்கிற பையனைக் கேட்டால், ஸ்டாக் தீர்ந்துபோச்சு, இத்தனூண்டு சாமானுக்காக நிற்காதே என்று முதலாளியே சொன்னாராம். அந்த இடத்தைத்தான் விரல் நிரப்பியிருக்கிறது.

"பழைய போர்டுலேர்ந்து கழட்டிப் போட்டுரலாமா சார்?" என்றேன்.

விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போடு தம்பி. இல்லேன்னா போர்டு டாக்டர் கிளினிக்ல போய் நின்னுடும்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா சொல்லாதே" என்றார்.

போட்டேன். எல்லாச் சிப்பும் சமர்த்தாகத் தானே பேர் சொல்லின. ஆனாலும் முதலாளி எதிரில் விரல் சார் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, கண்ணை மூடி, மெல்லத் தலையாட்டிய பிறகுதான் நான் பட்டனைத் தட்டுவேன். கம்பெனி மூடுகிற வரை அவரைப் போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. டீ கிளாஸை மட்டும் முதலாளி மூடியே வைத்திருந்தார்.

இப்போதும் ஏதாவது சிப்பு பேர் சொல்லாமல் அடம்பிடித்தால் முதலில் விரலை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஆகாது, தெரியும். அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.