கண்ணாடிக் கூடை

அந்த மாதம் எங்கள் ஊர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். காரணம், பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த மாடி ஹாலில் ஒளி ஐயா வந்து இறங்கியிருந்தார்.

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக் கண்ணில் வைப்பார் ஒளி ஐயா. ஏழு தடவை வைத்தால் போதும், போன பார்வை திரும்பிவிடும். புரையா, நரம்புக் கோளாறா, விழித்திரையா, மாறுகண்ணா? எல்லாவற்றுக்கும் அதே இரண்டு கைகள்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து படித்த டாக்டர்களுக்கு உள்ளங்கையைத் தேய்க்கும் யோசனை ஏன் வரவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. படிக்கட்டிலிருந்து டிப்போ வாசல் வரை வரிசை நின்றது. பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின.

நான் நாற்காலி வாடகைக்கு விடுபவன். அந்த ஹாலில் இருநூறு நாற்காலி போட்டவன் நானே. ஆகவே இந்தக் கதையில் என்னை யோக்கியன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஹாலுக்குள் இரண்டே சட்டம். ஒன்று, கண்ணாடி போட்டவர்கள் வாசலிலேயே கழற்றிப் பெரிய மூங்கில் கூடையில் போட்டுவிட வேண்டும். கண்ணாடி ஒளியை மறிக்குமாம். இரண்டு, துணைக்கு வந்த நல்ல கண்ணுக்காரர்கள் வெளியிலேயே நிற்க வேண்டும். உள்ளே வந்தால் ஒளியில் பங்கு கேட்பார்களாம். ஆக, உள்ளே இருந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் ஒழுங்காகக் கண் தெரியாது. இதைவிட வசதியான சபை எந்தப் பேச்சாளருக்கும் வாய்த்திருக்காது.

சுவரில் ஓர் எழுத்துத் தாள் தொங்கியது. மேலே பூசணிக்காய் அளவில் 'ட'. அதன் கீழே 'ப', 'ம'. பிறகு 'க', 'ர', 'ல'. இப்படியே சிறுத்துக்கொண்டு போய்க் கடைசி வரி கடுகு மாதிரி இருக்கும். நோயாளி முன்னால் வந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, "தெரியுதா?" என்பார் ஐயா. அந்த இருட்டில் ஆந்தைக்குத்தான் தெரியும். தெரியவில்லை என்பார் நோயாளி. கையைத் தேய்த்துக் கண்ணில் வைத்து, திரையைத் திறந்து, மறுபடி கேட்பார். உடனே ட, ப, ம என்று மழை கொட்டும். தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஐயா பிரம்பால் ஒவ்வொரு வரியாகத் தட்டுவார். ஒவ்வொன்றுக்கும் "சரி". ஹாலே கைதட்டும். பக்கத்திலேயே அன்பளிப்புப் பெட்டி.

எனக்கும் மெய்சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில் நானும் குளிக்கும்போது ட, ப, ம என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தேன். அது ஏன் என்று யோசிக்கத்தான் எனக்கு நேரம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருத் தையல்காரர் வந்து சேர்ந்தார். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். ஒரு வாரமாக அவருக்கு இடது கண்ணில் மின்னல் வெட்டியது. பிறகு கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. துணியில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க ஒரு வெள்ளைச் சட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை எழும்பியதும் அவர் மனைவி அவரைக் கண் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை கிழிந்து, ஈரச் சுவரில் ஒட்டிய தாள் போல உரிந்துகொண்டு வருகிறது. நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் கழன்றுவிட்டால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பார்வை வராது. நாளைக்கே வாருங்கள் என்றார்.

ஆயுள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்திய மனிதர், கண்ணை மரக்கவைக்க ஊசி என்றதும் நடுங்கிப் போனார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே மாடி ஹாலுக்கு வந்தார். கத்தி பட்டால் ஏற்றிய ஒளி இறங்கிவிடும் என்று ஐயா வேறு எச்சரித்துவிட்டார். இரண்டே நாளில் தையல்காரர் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போடாமலே ஒரு சட்டைக்குப் பையை முதுகில் வைத்துத் தைத்தார்.

அவர் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவர். புதன்கிழமை மாலை, முதுகில் பை வைத்த அந்தச் சட்டையோடு என் கடைக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது; குரல் நிதானமாக இருந்தது.

"அண்ணே, ஒரே பக்கத்தை நாலு தடவை படிச்சா அஞ்சாவது தடவை கண்ணு படிக்காது, மனசுதான் படிக்கும். அதனாலதான் நாங்க தாளைக் கை மாத்திக்குவோம். அந்த ஹால்ல தாளை மாத்துவாங்களா?"

"இல்லம்மா. வந்த நாள்லேர்ந்து ஒரே தாள்தான்."

"அது எங்க அச்சகத்துல அடிச்சதுதான். நாளைக்கு வேற ஒண்ணு அடிச்சுத் தரேன். நாற்காலி போடப் போறப்ப மாட்டிடுறீங்களா? நான் சொன்னா அவரு கேக்க மாட்டேங்கிறாரு. டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

இருநூறு நாற்காலி வாடகை ஒரு கணம் என் மனக்கண்ணில் ஆடியது. அந்தச் சட்டையைப் பார்த்தேன். சரி என்றேன்.

வியாழக்கிழமை காலையில் புதுத் தாளை மாட்டினேன். கெட்டிக்காரப் பெண், மேல் இரண்டு வரிகளையும் அப்படியே விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றியிருந்தார். சபை நிறைந்தது. கூடையும் நிறைந்தது. தையல்காரர் முன்னால் வந்தார். இருட்டு, கை, வெளிச்சம் எல்லாம் முறைப்படி நடந்தன.

"ட... ப, ம..." என்று தொடங்கினார் தையல்காரர்.

"சரி."

"க, ர, ல..."

"சரி."

அந்த வரியில் இருந்ததோ 'ந', 'த', 'ய'. தையல்காரர் நிற்கவில்லை. ஐயாவின் பிரம்பும் நிற்கவில்லை. கூடவே ஹால் முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தது. இல்லாத எழுத்துகளை இருநூறு பேர் சேர்ந்து வாசித்த அற்புதத்தை நான் என் இரண்டு கண்களால் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கடைசி வரியும் முடிந்தது. கைதட்டல் கூரையை முட்டியது.

சட்டத்தை மீறித் தையல்காரரின் மனைவி உள்ளே வந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டே வந்தார்.

"எல்லாரும் அவங்கவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் கடைசி வரியை ஒரு தடவை படிங்க" என்றார்.

ஒளி இறங்கிவிடும் என்று ஐயா கத்தினார். ஆனால் கண்ணாடியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ஆளுக்கொன்றாய் எடுத்தார்கள். அவசரத்தில் ஒரு சிலர் மாற்றிப் போட்டுக்கொண்டு முட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த பஸ் கண்டக்டர்தான் முதலில் எழுந்து தாளுக்குப் பக்கத்தில் போனார்.

"'தயவுசெய்து கண் டாக்டரிடம் போங்கள்'னு போட்டிருக்கே" என்றார். "நாம வேற என்னமோ இல்ல படிச்சோம்?"

"எவனோ தாளை மாத்திட்டான்" என்றார் ஐயா.

"மாத்தினது இருக்கட்டும். நீங்க ஏன் எல்லாத்துக்கும் சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். "இப்பவாவது திரும்பி அதை நீங்களே படிங்க."

ஐயா திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். பின்னால் ஒரு அடி நகர்ந்தார். பிறகு, பழக்கதோஷம்தான், கை தானாக ஜிப்பாவுக்குள் போய் ஒரு கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டது. மாட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தங்க விளிம்பு.

ஹால் சிரித்த சிரிப்பில் டிப்போவில் பஸ்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தின. சிரிக்காதவர்களும் இருந்தார்கள். தாளின் எழுத்தைத் தன் ஒளியாலேயே மாற்றி ஐயா நம்மைச் சோதிக்கிறார் என்று ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் விளக்கம் கொடுத்தார். இப்படிப்பட்டவர்களுக்குப் பென்ஷன் எப்படிக் கணக்காக வருகிறதோ தெரியவில்லை.

தையல்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி அவருடைய கண்ணாடியை அவரே தேடும்படி விடாமல் எடுத்து மாட்டிவிட்டார்.

"இப்ப சொல்லுங்க. இடது கண்ணுல என்ன தெரியுது?"

அவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். "பாதி கறுப்பாத்தான் இருக்கு" என்றார். "செவ்வாய்க்கிழமையே அப்படித்தான் இருந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்களா, அப்புறம் எப்படிச் சொல்றது."

அன்று மதியமே ஆபரேஷன் நடந்தது. விழித்திரையை ஒட்டவைத்து, அது நகராமல் அமுக்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். என் நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்மானத்தில் தலையணை கட்டிக் கொடுத்தேன். வாடகை வாங்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பாவம் கழிய வேண்டாமா?

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா அவரை எழுத்துகளின் முன் உட்கார வைத்தார். அங்கே தாள் இல்லை, திரை; பொத்தானை அழுத்த அழுத்த எழுத்து மாறியது. தையல்காரர் இடது கண்ணால் திக்கித் திணறி நான்கு வரி படித்தார். ஐந்தாவதில் நின்றார். "அதுக்குக் கீழ தெரியலைங்க" என்றார். அவர் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். கணவர் வாயிலிருந்து உண்மையாக வந்த முதல் வாசிப்பு அது.

ஒளி ஐயா இப்போது பக்கத்து ஊரில் காது கேட்கவைக்கிறாராம். நாற்காலி கேட்டு என்னிடமே ஆள் அனுப்பினார். இல்லை என்று சொல்லிவிட்டேன். காது கேட்கும் கருவிகளுக்கென்று அங்கேயும் வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறாராம். அந்த ஊர்க்காரர்களை நான் ஒன்றுதான் கேட்கிறேன்: கருவியைக் கழற்றிக் கூடையில் போடச் சொன்னால் போடுங்கள், உங்கள் இஷ்டம். மூளையையும் எதற்கய்யா கூடவே கழற்றிப் போடுகிறீர்கள்? அதை அவர் கேட்கவே இல்லையே!