வக்கீல் முயலும் மாப்பிள்ளையின் நீலச் சட்டையும்

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அவளுக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. மற்ற பாகங்கள் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் செல்போனில் செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேள்வி. பரவாயில்லை, அதுவும் பேச்சுதான்.

முயல் கூண்டை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாமா, முயல்கிட்ட எப்படி மன்னிப்பு கேக்கிறது?" நான், "அதெல்லாம் பாத்துக்கலாம் மாப்பிள்ளை" என்றேன். வகுப்பில் விடை தெரியாத கேள்வி வந்தால் வாத்தியார்கள் சொல்லும் வாக்கியம் அதுதான். இப்போது விடை ஓரளவு தெரியும். அதைப் போனில் சொல்லலாம் என்றால், பாதியில் "லைன்ல கஸ்டமர் மாமா" என்று வைத்துவிடுவீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, முயலைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு செடிக்கடைக்காரருக்கு அதைக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்களாம். மகள் அழுதாள். கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படியுங்கள்.

நடந்ததை உங்கள் பக்கத்தில் நின்றும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் ஏசி மெக்கானிக். அழுக்காக எதைப் பார்த்தாலும் தண்ணீர் அடித்து, ப்ளோயர் பிடித்து, புதுசு மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக இருக்கிற முயலுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்தவள் என் மகள். அந்த வெள்ளைப் பட்டையில் அழுக்கு ஏறிவிட்டது, அவள் வேலையிலிருந்து வருவதற்குள் வெளுத்துக் காட்டிவிடலாம் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். ஆசையில் தப்பே இல்லை. வக்கீலுக்கு ஏசிக்குச் செய்கிற வாட்டர் சர்வீஸை, ப்ளோயர் காற்றோடு சேர்த்துச் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். முயலைக் குளிப்பாட்டவே கூடாது, பயத்திலேயே உயிர் போய்விடும் என்று எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே அது ஓடி ஒளிகிறது, "சொந்த வீட்லயே திருடன் மாதிரி நடக்கிறேன்" என்று நீங்கள் மகளிடம் சொன்னீர்களாம். படிக்கிற எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவள் அதையும் செய்தியாகத்தான் எனக்கு அனுப்பினாள்.

இனி என் லட்சணத்தைக் கேளுங்கள். வந்த அன்றே நான் கூண்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "இதோ பார், இங்கே யாரும் உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அது பின்னங்காலால் தரையில் 'டொம்' என்று ஒரு தட்டுத் தட்டியது. ஆமோதிக்கிறது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அடுத்த தட்டு இன்னும் பலமாக இருந்தது. கூண்டைத் திறந்ததும் பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கால்நடை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர், "சார், நீங்க அதை எப்படிப் பாக்கறீங்கன்னு கொஞ்சம் காட்டுங்க" என்றார். காட்டினேன். அந்த அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். "இப்படிப் பாத்தா நானே கட்டிலுக்கடியில போயிடுவேன் சார்! நேருக்கு நேர் ரெண்டு கண்ணாலயும் முறைச்சா, தின்ன வர்றவன்னுதான் அது நினைக்கும்." கடைசி பெஞ்சை அடக்கி ஆள நான் பழகிய பார்வை அது, மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற பிறகும் முகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சரி, பார்க்காமல் பழகலாம் என்று கேரட்டை நறுக்கி நறுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். தின்றது. எல்லாவற்றையும் தின்றது. மறுநாள் அதற்கு வயிறு போய், கூடத்தைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. அதற்குக் கேரட் எப்போதாவது தரவேண்டிய மிட்டாயாம், சோறு கிடையாதாம். பிறகு அதன் உயரத்துக்கு இறங்கிப் போனால் நம்பிக்கை வரும் என்று யோசித்து, தரையில் குப்புறப் படுத்து, தலையைக் கட்டிலுக்கடியில் நீட்டினேன். நீட்டியது சுலபமாக இருந்தது, திரும்ப எடுக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. உங்கள் அத்தை கடைக்குப் போயிருந்த நேரம். பேன்ட்டின் நீளத்தைக் கேட்க வந்த கீழ்வீட்டுத் தையல்காரர் என் கால் இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு, "ஐயையோ, வாத்தியார் விழுந்துட்டாரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான்கு பேர் ஓடி வந்து கட்டிலைத் தூக்கினார்கள். வக்கீல் பறந்து போய் அரிசிச் சாக்குக்குப் பின்னால் அடைக்கலமானார். உங்கள் அத்தை வந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "முயலைப் பழக்கச் சொன்னா, அதுக்கு முன்னாடி நீங்க பொந்துக்குள்ள போயிட்டீங்களா?" என்றாள். தையல்காரர் போகிற போக்கில் என் காலை அளந்துகொண்டும் போனார்.

அன்று சாயங்காலம்தான் எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். கணக்கு வகுப்பு என்றாலே அவளுக்கு வயிறு வலிக்கும். யாரோ அவளைக் கரும்பலகை முன்னால் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்கள். நான் அவளை ஆறுதல் சொல்லிக் கூப்பிட்டால் கூட அழுவாள். கடைசியில் கூப்பிடுவதையே விட்டேன். அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பாட்டுக்கு ஒரு கணக்கைப் போட்டேன், வேண்டுமென்றே தப்பாக. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தாங்க முடியாமல், "சார், அங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு வயிற்றுவலி வந்ததாக எனக்கு நினைவில்லை. பயந்தவர்களுக்கு நாம் காட்டுகிற அன்பு கூட ஒரு தொந்தரவுதான், மாப்பிள்ளை. பக்கத்தில் வரலாமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

ஆகவே கட்டிலுக்கு முதுகைக் காட்டி, கூடத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கொத்தமல்லித் தழையைப் பின்னால் வைத்துவிட்டு, செய்தித்தாளை ஒரே குரலில் வாசித்தேன். தலைப்புச் செய்திக்கு வரவில்லை. விளையாட்டுக்கு வரவில்லை. வாடகைக்கு வீடு விளம்பரம் வாசிக்கும்போது முதுகுக்குப் பின்னால் 'கறுக் கறுக்' என்று சத்தம். எனக்குத் திரும்பிப் பார்க்க எவ்வளவு ஆசை! திரும்பவில்லை. வாசித்த விளம்பரத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து, "வீடு மாத்தப் போறோமா?" என்று கேட்டாள். நாளாக நாளாகத் தழையைக் கிட்டத்தில் வைத்தேன், பிறகு உள்ளங்கையில். ஒரு நாள் செல்லம் மிஞ்சிப்போய்த் தூக்கிவிட்டேன். முன்கையில் நீளமாகக் கீறிவிட்டு மறுபடி அரிசிச் சாக்கு. மேலேயிருந்து வருகிற கை எல்லாம் அதற்குப் பருந்துதானாம். பழையபடி வாடகை வீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

ப்ளோயர் சத்தத்துக்கும் ஒரு வழி செய்தேன். மகள் விட்டுப்போன தலை உலர்த்தும் மெஷினை உங்கள் அத்தை கோடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சமே ஓட விடுவாள். சத்தம் கேட்கும்போது மட்டும் கூடத்தில் தழை கிடைக்கும். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் வக்கீல் என்னைத் தேடி வருகிறார். "தலையே காயலை, சும்மா சும்மா ஓட்டச் சொல்றீங்க" என்று அத்தைக்குத்தான் சலிப்பு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உங்கள் நீலநிற வேலைச் சட்டை ஒன்றைக் காணோமென்று தேடியிருப்பீர்கள். மகளிடம் சொல்லி நான்தான் வரவழைத்தேன், துவைக்காமல். முயலுக்கு மூக்குதான் முகவரி. உங்கள் வாசனையும் தழையும் ஒரே இடத்தில் இருந்தால் உங்கள் மேல் உள்ள பயம் தெளியும் என்பது என் கணக்கு. சட்டையைச் சுவரோரம் விரித்து வைக்கும்படி உங்கள் அத்தையிடம் சொன்னேன். தழையை அதன் மேல் வைத்தேன். முதல் நாளே வந்து உட்கார்ந்துவிட்டது! இப்போது அதன் மேல்தான் தூக்கம், காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, உலகத்தில் எதிரியே இல்லாத மாதிரி. மகள் வந்து, தூக்கம் கலையக்கூடாதென்று வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். பிறகு, "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டேன். வக்கீல் உங்களை மன்னித்துவிட்டார். செடிக்கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஏணியில் ஏறும்போது கவனம். நீங்களும் மகளும் மனம் ஒத்து, வாயைத் திறந்து பேசிக்கொண்டு, நீடூழி வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையில் போடுமுன் கடிதத்தை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். சட்டை விஷயம் வந்ததும், "அது மாப்பிள்ளை சட்டை இல்லைங்களே" என்றாள். உங்கள் சட்டை வந்த அன்றே துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் வைத்துவிட்டாளாம். விரித்திருப்பது பரண் சுத்தம் செய்யும்போது நான் போடுகிற பழைய நீலச் சட்டை. "மாப்பிள்ளை சட்டையை அழுக்கோட கொண்டுபோய் முயலுக்குப் போடுவாங்களா? நாளைக்கு அவர் காதுக்குப் போனா நம்ம மரியாதை என்ன ஆகிறது?" என்கிறாள். ஆகவே வக்கீல் இத்தனை நாளும் மன்னித்தது என்னை. உங்களைப் பற்றி அதற்கு இன்னும் பழைய அபிப்பிராயம்தான். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்றேன். "அவர் ஞாயித்துக்கிழமை ஒரு முடிவு எடுக்கப் போறார், உள்ளதைச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். ஆனால் என்னைக் கண்டு நடுங்கிய அதே முயல்தான் இப்போது என் சட்டையில் தூங்குகிறது. செடிக்கடைக்காரரை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கடிதம் கிடைத்த அன்றே வேலை முடிந்த கையோடு, குளிக்காமல், சட்டை மாற்றாமல் இங்கே வாருங்கள்; வந்ததும் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, தழையைப் பின்னால் வைத்துவிட்டு, என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.