மணக்காத பினாயில்

மனித குலத்தைக் கிருமியிலிருந்து காப்பாற்றியவர்களை வரிசையாக நிறுத்தினால் அதில் பெரிய பெரிய டாக்டர்கள் இருப்பார்கள், விஞ்ஞானிகள் இருப்பார்கள். ஆனால் கையில் மாப்பும் தோளில் ஈரத்துணியுமாக, யாரும் கேட்காமலே, சம்பளமும் வாங்காமல் அந்த வேலையில் இறங்கியவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் பரவியிருந்த நேரம். வீட்டில் நான், என் மனைவி, மருமகள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், எந்தத் துறைமுகத்திலோ மாட்டிக்கொண்டிருந்தான். மனைவிக்கு நெடுநாளாக ஆஸ்துமா. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குழல் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டாள். அவளுக்கு மட்டும் இது வந்துவிடக் கூடாது, வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கே வீட்டின் "சுகாதாரத் துறை"யை நான் ஏற்றுக்கொண்டேன். பதவியேற்பு விழா சமையலறையில் நடந்தது. கலந்துகொண்டவன் நான் மட்டும்.

யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை நான். மருமகள் துடைத்த கதவுப் பிடியை மறுபடி துடைப்பேன். நான் துடைத்ததை மட்டும் மறுபடி துடைக்க மாட்டேன், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி பினாயில் போதும் என்று பாட்டிலில் போட்டிருப்பதை மருமகள் படித்துக் காட்டினாள். அச்சடிக்கிறவன் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பான், கிருமி அதைப் படித்துவிட்டா வருகிறது என்று கேட்டேன். கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் பலம் இரட்டிப்பாகும் என்று ஓர் ஆராய்ச்சியும் தொடங்கினேன். விஷப்புகை கிளம்பும் என்று சொல்லி அவள் இரண்டையும் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள். விஞ்ஞானத்துக்கு எப்போதும் வீட்டுக்குள்தான் எதிரி.

வெளியிலிருந்து வருகிறவர்களை வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி விசாரிப்பதும் என் துறைதான். முகக்கவசம் மூக்கின் மேல் இருந்தால் அதட்டல் எடுபடாது. அதனால் பேசும்போது அதைத் தாடைக்கு இறக்கிக்கொள்வேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரை நேருக்கு நேர் நின்று, இருமல் உண்டா, தும்மல் உண்டா என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லாமல் என் முகத்திலேயே தும்மிக் காட்டினார். உடனே போர்க்கால நடவடிக்கையில் இறங்கினேன். சிலிண்டரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அன்று வீடு முழுவதும் "சிறப்புத் துப்புரவு". மனைவிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கிருமி நெருங்கிவிட்டது என்று ஜன்னல்களையும் சாத்தினேன்.

"ஏங்க, கிருமி வந்து என்னைக் கொல்றதுக்குள்ள நீங்க கொன்னுடுவீங்க போலிருக்கே" என்றாள்.

தலையணையையும் மருந்துக் குழலையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் இருக்கும் சின்ன அறைக்குக் குடிபோய்விட்டாள். சாப்பாட்டை மருமகள் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தாள். அவளும் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே மூக்கையும் வாயையும் இறுக்க மூடிக்கொண்டு நடமாடினாள். என் நிர்வாகத்தின் மேல் இது நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று நினைத்தேன். பொது வாழ்க்கையில் இதெல்லாம் சகஜம்.

சில நாள் கழித்துத்தான் அந்த "மாபெரும் ஊழல்" என் கண்ணில் பட்டது. காலையில் வாளியில் பினாயிலை ஊற்றுகிறேன், மணமே இல்லை. அரைப் பாட்டிலைக் கவிழ்த்தேன். அப்போதும் இல்லை. மீதியையும் கவிழ்த்தேன். கண் எரிந்ததே தவிர மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. கடைக்காரன் தண்ணீரைக் கலந்து என் தலையில் கட்டிவிட்டான். இத்தனை நாள் நான் வெறும் தண்ணீரை வைத்தா போராடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது உடம்பே காய்ந்தது. கை காலெல்லாம் வலித்தது. உழைக்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும்.

மாடியில் அவள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் தனியாகக் கிடக்கிறாளே என்று மனசு கேட்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிக் கதவைத் தட்டினேன்.

"கதவைத் திற. உன் அறையைத் துடைச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"வாளியோட வந்திருக்கீங்களா?"

"வாளியோடதான்."

"பாதிப் படியிலயே நெடி வந்துடுச்சு. இறங்கிப் போங்க."

"இதுல நெடியே இல்லடி. வெறும் தண்ணி மாதிரி இருக்கு."

"அப்ப தண்ணியையே ஊத்துங்க. நான் கீழ வரேன்."

மறுபடி தட்டினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இன்னும் இறுகுகிற சத்தம்தான் கேட்டது. கட்டின பெண்டாட்டியே நம்பாத அளவுக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டானே என்று எல்லாக் கோபமும் கடைக்காரன் மேல் திரும்பியது. காலிப் பாட்டிலோடு தெருவில் இறங்கினேன்.

கடையில் நல்ல கூட்டம். பாட்டிலை மேஜையில் வைத்து நியாயம் கேட்டேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புதுப் பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டினார். வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். என் முகக்கவசம் வழக்கம்போல் தாடையில்தான் இருந்தது; நான் குனிந்து, ஆழமாக இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். தண்ணீர்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பூண்டுப் பல் ஒன்றை நசுக்கி நீட்டினார். வாசனை இல்லை. துணி சோப்பைப் பிரித்து நீட்டினார். அதிலும் இல்லை.

"பூண்டும் போலி, சோப்பும் போலி. ஒரு சரக்காவது அசலா வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. என் போராட்டத்துக்கு ஆதரவாகக் கடையைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று பெருமையாக இருந்தது. கடைக்காரர் பின்னாலேயே நகர்ந்து, முதுகு அரிசி மூட்டையில் இடித்தபோது நின்றார்.

"ஐயா, சரக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க மூக்குக்குத்தான் வாசனை தெரியல. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க."

மாடிக் கதவு ஞாபகம் வந்தது. அவள் அதைத் திறந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டேன். பதவிக்கு வந்த பிறகு நானாக அதைச் செய்தது அன்றுதான்.

பரிசோதனையில் எனக்கு "உறுதி" என்று வந்தது. பின்கட்டு அறையில் என்னை அடைத்தார்கள். மற்ற இருவரையும் சோதிக்க ஒரு நர்ஸ் வந்தார். இருவருக்கும் ஒன்றும் இல்லை.

முடிவைச் சொல்ல வந்த நர்ஸுக்கு ஆச்சரியம். "இந்த மூச்சை வெச்சுக்கிட்டு ஒரே வீட்டுல இருந்து எப்படிம்மா தப்பிச்சீங்க?" என்று முற்றத்தில் நின்று கேட்டார்.

மனைவி மாடியிலிருந்தே சொன்னாள். "எல்லாம் இவர் பண்ணின சுத்தம்தாம்மா. அந்த நெடிக்குப் பயந்து இவர் இருக்கிற பக்கமே நான் வரலை."

ஜன்னல் வழியாக இதை என் காதாலேயே கேட்டேன். என் துறைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதுதான், மறுக்க மாட்டேன். அத்தனை பாட்டிலையும் கவிழ்த்து நான் இந்த வீட்டிலிருந்து விரட்டிய ஒரே உயிர் என் மனைவி. கிருமியை நான் ஒன்றும் செய்யவில்லை. அது என் தட்டில் சாப்பிட்டது, என் படுக்கையில் படுத்தது. அவளைத் தேடி அது மாடி ஏறியபோது அதற்காகக் கதவைத் தட்டியதும் என் கைதான். நன்றாகக் கழுவிய கை.